ஐந்து நட்சத்திரக் குளிர்

ராத்திரி பதினொன்றரை. திருவானைக்காவலைத் தாண்டி, கொள்ளிடக் கரையை ஒட்டிப் போகிற ரோடு... ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் கருவேல முள். அதில் தன்னந்தனியாக பைக்கில் போனவர் சர்ஃபராஸ். என் சினேகிதன் மன்சூரின் அக்கா வீட்டுக்காரர். மன்சூர் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை, நீங்களும் சிரிக்காதீர்கள். யாராவது அந்த ஜன்னலைச் சாத்துங்கள்.

சர்ஃபராஸுக்கு எனர்ஜி ஆடிட் வேலை. ஃப்ரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டியிருக்குமே, அதே மாதிரி ஆபீஸ் கட்டிடங்களுக்கும் உண்டு. கரண்ட் செலவு குறைந்தால் நட்சத்திரம் கூடும். அளந்து பார்த்து, குறைக்க வழி சொல்லி, அந்தச் சான்றிதழை வாங்கித் தருவது அவர் தொழில்.

கூடப் படித்த வீரமலைக்கும் அதே தொழில். வினை அங்கேதான். ஒரே பில்டர், ஒரே பிளான், ஒரே கம்பெனி ஏசி... இரண்டு கட்டிடங்கள். தில்லை நகரில் சர்ஃபராஸ் பார்த்ததற்கு இரண்டு நட்சத்திரம். கொள்ளிடக் கரையில் வீரமலை பார்த்ததற்கு ஐந்து! மாலையும் கழுத்துமாக வீரமலை சான்றிதழோடு நிற்கிற படம் வாட்ஸப்பில் வந்தது. "வாழ்த்துகள் மாப்ள" என்று அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். மனைவி வஹீதா வைத்த பிரியாணியைத் தொடாமல் எழுந்துவிட்டார். வயிறு அப்படி எரிந்தது. போதாக்குறைக்கு தில்லை நகர் ஓனர் வேறு, "அடுத்த வருஷம் வீரமலைகிட்டயே குடுத்துடலாம்னு இருக்கேங்க" என்று சொல்லிவிட்டார்.

அவன் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறான். ஆளில்லாத நேரத்தில் அளந்தால் குட்டு உடைந்துவிடும். அதற்குத்தான் இந்த ராத்திரிப் பயணம். வாட்ச்மேன் பிச்சமுத்து தெரிந்தவர், உள்ளே விட்டார்.

மீட்டரை மாட்டினார். ஏசி எல்லாம் அணைந்திருந்தது. திருட்டு வயர் எதுவும் இல்லை. ஆனால் படி ஏற ஏற... குளிர். கத்திரி வெயில் காலத்துத் திருச்சியில், பல் கிட்டுகிற குளிர். ஈர ஆற்று மணலின் வாசம்.

மூன்றாவது மாடி. அங்கே உடம்புச் சூடு பட்டால் தானாக எரிகிற விளக்குகள். அவர் நடக்க நடக்க... டக்... டக்... தலைக்கு மேல் ஒவ்வொன்றாக எரிந்தன.

கடைசி மேஜையில் ஒரு அம்மா. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஈரத் தலை. அவருக்கு மேலே இருந்த விளக்கு மட்டும் எரியவில்லை.

தொழில் தெரிந்தவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் சர்ஃபராஸின் கண்ணில் அப்போதும் வீரமலையின் மாலைதான் நின்றது.

"ஏசி இல்லாம எப்படிங்க இவ்வளவு குளிருது?"

"நான் இருக்குற எடம் இப்படித்தாங்க இருக்கும்..."

மெயின்டனன்ஸ் பார்க்கிறவர் போலிருக்கிறது, வீரமலையின் வித்தை எல்லாம் இவர் கையில்தான் இருக்கிறது என்று சர்ஃபராஸ் முடிவு கட்டினார். இவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டால்? விசிட்டிங் கார்டை மேஜையில் வைத்தார். தனி ஆபீஸ் கிடையாது, கார்டில் இருந்தது பாலக்கரை வீட்டு முகவரி.

"வீரமலைகிட்ட சொல்லாதீங்க. நம்மகிட்ட வந்துருங்க."

"வரச் சொல்றீங்களா?"

"அவசியம் வாங்க."

கீழே வந்து, "மேல இருக்காங்களே, அந்த அம்மா பேரு என்னங்க?" என்று கேட்டார். பிச்சமுத்துவின் முகம் செத்துப்போனது.

"பேசினீங்களா...?" அவ்வளவுதான் கேட்டார். கேட்டை மூடிக்கொண்டார்.

வழி முழுக்க சட்டையின் முதுகுப்பக்கம் ஜில்லென்றே இருந்தது. ஆற்றுக் காற்று என்று நினைத்துக்கொண்டார் சர்ஃபராஸ்.

விடிந்ததும் வீரமலையின் போன். "மாப்ள, பில்டிங் கொதிக்குதுடா! எல்லா ஏசியும் ஓடுது, அடங்க மாட்டேங்குது. ஸ்டார் போயிரும் போல."

"அடடா..." என்றார் சர்ஃபராஸ். உள்ளுக்குள் ஒரே கும்மாளம். வீரமலைக்கு நஷ்டம் என்றாலே அவருக்குப் பெருநாள்தான்.

வஹீதா கூப்பிட்டாள். "என்னங்க, ஃபேன்கூடப் போடல, வீடு என்னமா குளுகுளுன்னு இருக்கு! சம்ரீன் இன்னும் எந்திரிக்கல பாருங்க."

மகள் படுத்திருந்த அறையில் ஈர மணல் வாசம். மெத்தையில் அவள் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து எழுந்த பள்ளம். அதில் நனைந்துபோன விசிட்டிங் கார்டு. மகளின் பாதத்தைத் தொட்டார்... ஐஸ். சம்ரீன் கண்ணைத் திறந்து, "வாப்பா, நானும் உங்ககூட தில்லை நகர் வரேன்" என்றாள்.

கூட்டிப் போனார். அவள் வந்த அன்று அங்கே ஏசி தேவைப்படவில்லை. அடுத்த நாளும் தேவைப்படவில்லை. கோடை லீவு முடிந்த பிறகும் ஸ்கூல் விட்டதும் தினமும் அவரே அவளைக் கூட்டிப் போய் உட்கார வைத்தார். வஹீதா, "புள்ள ஒடம்பு ஏங்க இப்படி ஜில்லுனு கெடக்கு?" என்று அழுதாள். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. வீரமலையின் நட்சத்திரம் இறங்க இறங்க, இவருடையது ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷம் தில்லை நகர் கட்டிடத்துக்கு ஐந்து நட்சத்திரம். அங்கேயே மாலை போட்டார்கள். வீரமலையும் வந்து கைகொடுத்தான். அவன் முகம் சுண்டியிருந்ததைப் பார்த்து சர்ஃபராஸுக்கு மனசு நிறைந்தது.

விழா முடிந்து இருட்டியிருந்தது. மூன்றாவது மாடியில் கடைசி மேஜையில் பையை விட்டுவிட்டு வந்திருந்தார். "நான் எடுத்துட்டு வரேன் வாப்பா" என்று சம்ரீன் ஓடினாள். அங்கேயும் உடம்புச் சூட்டில் எரிகிற அதே விளக்குகள்தான்.

இந்தக் கோடியில் நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னக் காலடிச் சத்தம் அந்தக் கோடி வரை போனது... திரும்பி வந்தது.

அவள் போன வழியில் ஒரு விளக்குகூட எரியவில்லை.