கேள்வி கேட்டவர் சபையில் இல்லை

நெல்லியடியில் ஆள் சேரட்டும் என்று மினிபஸ் நின்றுகொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். பக்கத்தில் இருந்த தன் அயல்வீட்டுப் பெண்ணிடம் சொன்னார்:

“என்ரை அண்ணைக்குச் சபை முழுக்க எழும்பி நிண்டது, அக்கா. அண்ணையின்ரை கேள்வியைத்தான் தள்ளுபடி செய்துபோட்டினம்.”

“என்ன கேள்வி, தம்பி?”

“சுடலைக்குப் போற ஒழுங்கையிலை மாரி வந்தால் முழங்காலளவு தண்ணி. எப்ப திருத்துவியள் எண்டு பிரதேச சபைக்கு எழுதிக் குடுத்தவர். கூட்டம் வரமுதல் ஆள் செத்துப்போனார்.”

“அந்தத் தண்ணிக்குள்ளாலைதானே அவரையும் கொண்டுபோனவை.”

“ஓம். சனசமூக நிலையத் தலைவரெல்லோ, அதாலை சபையிலை முதல் அனுதாபத் தீர்மானம். ரெண்டு நிமிசம் மௌனம். எல்லாரும் திரும்பக் கதிரையிலை இருந்தாப் பிறகு பொதுமக்கள் கேள்வி. தவிசாளர் அண்ணையின்ரை பேரைக் கூப்பிட்டார்.”

“ஐயோ.”

“ரெண்டு தரம் கூப்பிட்டார். கேட்டவர் நேரிலை நிக்கவேணுமாம். இல்லாட்டித் தள்ளுபடியாம்.”

“நீ எழும்பிக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டனான். நான் கேட்டால் அது புதுக் கேள்வியாம். ஏழு நாளைக்கு முதல் எழுத்திலை தரவேணுமாம். குடுத்திட்டன். அடுத்த மாதக் கூட்டத்திலை என்ரை பேரைக் கூப்பிடுவினம்.”

பஸ் புறப்பட்டது.

“அதுசரி, உன்ரை மோட்டார் சைக்கிள் எங்கை?”

“கூட்டத்திலை நான் நேரிலை நிக்கவேணுமெல்லோ, அது முடியுமட்டும் ஓடக் கூடாதெண்டு வீட்டிலை மனிசி திறப்பை ஒளிச்சு வைச்சிட்டா.”