மாதிரி வகை தவறு

என் பெயரும் தகப்பனார் பெயரும் வீட்டு விலாசமும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தேழு. பெரிய மருத்துவமனையின் நுண்ணுயிர் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடங்களாக வேலை பார்க்கிறேன், கடைசி ஆறு வருடங்களாக முதுநிலை ஆய்வக நுட்பர். கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். இரண்டு பெண் பிள்ளைகள். என் மீது இதுவரை எந்த வழக்கும் இல்லை. என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாக வந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் சின்ன நர்ஸ், நோயாளியிடம் மாதிரியை ஒப்புக்கு எடுத்து இன்னொரு நோயாளியின் சாவுக்குக் காரணமானார் என்று இந்த நிலையத்தில் விசாரணை நடக்கிறது. அவரை நாளை கைது செய்யப் போவதாகக் கேள்விப்பட்டு, அது விஷயமாகச் சொல்ல வந்தேன்.

முதலில் ஒன்று. ஆய்வகத்தில் என்னை எல்லோரும் ‘போலீஸக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இதை எழுத வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார், எழுதுங்கள் என்று நான் சொல்லி எழுதப்பட்டது. எனக்குச் சந்தேக புத்தி. குழாயில் லேபிள் கொஞ்சம் கோணலாக இருந்தால்கூட யார் ஒட்டியது, எப்போது ஒட்டியது, எதன் மேல் ஒட்டியது என்று மூன்று கேள்வி கேட்பேன். “உப்பு டப்பாவையே மோந்து பாத்துட்டுதான் போடுவா” என்று என் கணவர் என் அம்மாவிடமே சொல்லியிருக்கிறார். இந்த வேலைக்கு அந்தப் புத்தி நல்லது என்று நான் பெருமையாகத்தான் இருந்தேன்.

சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, ஆறு நாள் காய்ச்சலோடும் மூச்சிரைப்போடும் ஒரு லாரி ஓட்டுநர் சேர்க்கப்பட்டார். அப்போது ஊரில் சுவாச வைரஸ் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்ததால் அவரைத் தனி அறையில் வைத்தார்கள். அன்றே சின்ன நர்ஸ் அவர் மூக்கின் உள்பக்கம் குச்சி விட்டு எடுத்த மாதிரி வந்தது, வைரஸ் இல்லை என்று முடிவு போனது. அதன் பிறகு பத்தாம் தேதி அவருக்கு மூச்சு முட்டி, தொண்டை வழியாகக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். அதன் பிறகு பதினொன்றாம் தேதி பிற்பகல் மூன்று நாற்பதுக்கு அதே நோயாளியின் பெயரில் வேறொரு மாதிரி வந்தது. அது குச்சி அல்ல. சுவாசக் குழாய்க்குள் மெல்லிய ட்யூபை இறக்கி, நுரையீரலுக்குப் பக்கத்திலிருந்து உறிஞ்சி எடுத்த சளி. மஞ்சளாக, கெட்டியாக, சாய்த்தாலும் நகராமல் இருந்தது. அதை அனுப்பியவரும் சின்ன நர்ஸ்தான்.

இந்த இடத்தில் அந்த நர்ஸுக்கும் எனக்கும் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு மாதம் முன்பு அவர் லேபிளே இல்லாமல் நான்கு குழாய்களை அனுப்பினார். நான் தலைமை நர்ஸுக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன், அவருக்கு மெமோ வந்தது. அதிலிருந்து எங்களுக்குள் முகம் கொடுத்துப் பேச்சில்லை. அவர் வார்டிலிருந்து எது வந்தாலும் நான் இரண்டு தடவை பார்ப்பேன்.

அன்றும் பார்த்தேன். மூக்கில் குச்சி விடுவதென்றால் முழுக் கவசம் போட்டு, நோயாளியின் முகத்துக்கு நேரே நிற்க வேண்டும். குழாயிலிருந்து சளி உறிஞ்சுவது எப்படியும் இரண்டு மணிக்கொரு தரம் நடக்கிற வேலை. போகிற போக்கில் அதையே ஒரு குழாயில் பிடித்து அனுப்பிவிட்டார், நோகாமல் வேலை முடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அக்கா, அவருக்குக் காய்ச்சல் வந்து எட்டு நாளாச்சுக்கா. இனிமே மூக்குல ஒண்ணும் தெரியாது. உள்ளேருந்து எடுத்ததுதான் சரியா இருக்கும்” என்றார்.

“நாள் கணக்கெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீ மூக்குல எடுத்து அனுப்பு, இத எடுக்க முடியாது” என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு நிராகரிப்புப் பதிவேட்டில் நோயாளியின் எண்ணை எழுதி, காரணம் என்ற கட்டத்தில் ‘மாதிரி வகை தவறு’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எங்கள் வழக்கப்படி நிராகரித்த மாதிரியை ஒரு மாதம் உறைபெட்டியின் கீழ்த்தட்டில் வைப்போம், அங்கே வைத்தேன்.

பன்னிரண்டாம் தேதி காலையில் அவரே எடுத்த மூக்கு மாதிரி வந்தது. நானே இயந்திரத்தில் போட்டு ஓட்டினேன். வைரஸ் இல்லை என்று வந்தது. அதன் பிறகு பணி மருத்துவர் எங்களுக்குப் போன் செய்து, “ரெண்டும் நெகட்டிவ்தானே? அப்போ தனி ரூம காலி பண்ணிடறேன், வெளியில ஆள் காத்துட்டிருக்காங்க” என்றார். ஆமாம் சார் என்று சொன்னேன். நடுவில் ஒரு மாதிரி வந்ததையும் அதைத் திருப்பியதையும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று பிற்பகல் லாரி ஓட்டுநரை அதே தீவிர சிகிச்சைப் பிரிவின் பொதுக் கூடத்தில் நான்காம் படுக்கைக்கு மாற்றினார்கள்.

ஐந்தாம் படுக்கையில் இருந்தவர் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவர். வயது அறுபத்திரண்டு. குடல் அறுவைச் சிகிச்சை முடிந்து தேறிக்கொண்டிருந்தார், பதினெட்டாம் தேதி வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. பதினேழாம் தேதி அவருக்குக் காய்ச்சல் வந்தது. பதினெட்டாம் தேதி அவருடைய மூக்கு மாதிரியில் வைரஸ் இருந்தது, அவருக்கு அப்போதுதான் தொற்றியிருந்தது என்பதால் மூக்கிலேயே நிறைய இருந்தது. இருபத்துநான்காம் தேதி இறந்துபோனார். லாரி ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார், இருபத்தேழாம் தேதி நடந்தே வீட்டுக்குப் போனார். அவருக்கு இது எதுவும் தெரியாது.

அதற்கு முந்தின நாள், இருபத்தாறாம் தேதி, கடிகாரக்காரரின் மகள் எங்கள் ஆய்வக ஜன்னலுக்கு வந்தார். கையில் அப்பாவின் டிஸ்சார்ஜுக்காக வாங்கி வைத்த புதுச் செருப்பு பிளாஸ்டிக் பையில் இருந்தது. “அப்பா படுக்கைய விட்டு எறங்கவே இல்லியே, அவருக்கு எங்கேருந்துக்கா வந்துச்சு?” என்று கேட்டார். எனக்கு அந்த நேரத்தில் சின்ன நர்ஸின் முகம்தான் ஞாபகம் வந்தது. “பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மாதிரி எடுத்தவங்களப் போய்க் கேளுங்க. ஒழுங்கா எடுத்தாங்களான்னு கேளுங்க” என்று சொன்னேன். இருபத்தெட்டாம் தேதி அவர் இங்கே கொடுத்த புகாரில் இருக்கும் வார்த்தைகள் பெரும்பாலும் நான் சொன்னவை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புகார் வந்ததும் நர்ஸை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். கேன்டீனில் எல்லோரும் அதே பேச்சு. எனக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை, ஆதாரத்தோடு பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் பி.சி.ஆர் பரிசோதனையில் வைரஸைத் தேடும்போதே மனித செல்லின் மரபணுவையும் கூடவே தேடுவோம். குச்சி மூக்கின் உள்ளே பட்டு உரசியிருந்தால் அது காட்டும். காற்றில் ஆட்டிவிட்டுக் குழாயில் போட்ட குச்சியில் அது காட்டாது. நர்ஸ் குச்சியை மூக்கில் விடவே இல்லை என்று நிரூபிக்க, முப்பதாம் தேதி காலையில் பழைய முடிவுகளைக் கணினியில் திறந்தேன். இரண்டு குச்சியிலும் மனித மரபணு இருபத்துமூன்றாம் சுற்றிலேயே ஏறியிருந்தது. எவ்வளவு முந்தின சுற்றில் ஏறுகிறதோ அவ்வளவு அதிகமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த வாரம் வந்த குச்சிகளிலேயே நன்றாக எடுத்தவை அந்த இரண்டும்தான். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

அதன் பிறகு என்ன மிச்சம் என்று யோசித்தேன். அப்புறம் கீழ்த்தட்டைத் திறந்தேன். அந்தச் சளிக் குழாயை எடுத்து, கெட்டியைக் கரைக்கிற மருந்து சேர்த்து, அரை மணி நேரம் வைத்து, தனியாக ஓட்டினேன். பத்தொன்பதாம் சுற்றில் வைரஸ் ஏறியது. நம்பாமல் மறுபடி ஓட்டினேன், அதேதான். மறுநாள் எடுத்த மூக்கு மாதிரியில் துளியும் இல்லை, நுரையீரலில் கொட்டிக் கிடந்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை பார்க்கிற பெண் பிரஷர் ஏறிவிட்டதா என்று கேட்டு மோர் வாங்கி வந்தாள்.

பிற்பகலில் ஆய்வகத் தலைவரிடம் தாளைக் காட்டினேன். அவர் கதவைச் சாத்தினார். “ஏம்மா, ஊர்ல எல்லாரும் அந்தப் பொண்ணப் பாத்துட்டிருக்காங்க. நீ ஏன் நம்ம பக்கம் டார்ச் அடிக்கிற? நிராகரிச்ச மாதிரிக்கு ரிசல்ட்டே கிடையாது. அத கழிச்சு விட்டுடு” என்றார். பதிவேடு இருக்கிறதே சார் என்றேன். “பதிவேட்டுல டீ கொட்டறது புதுசா?” என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் மீதும் எனக்குச் சந்தேகம் வந்ததால், அன்றைக்கே அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, பதிவேட்டை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஆனால் மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தலைவர் மீது பழி போட இதைச் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் அவர் சொன்னது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

நேற்று வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “அந்தப் பொண்ணுக்குக் கொழந்த இருக்கா?” என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேரைக் குடைந்திருக்கிறேன், அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இன்று காலை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்தேன். நிராகரிப்புப் பதிவேடு, இரண்டு தடவை ஓட்டிய முடிவுத்தாள்கள், ஐஸ் பெட்டியில் மீதிச் சளியுள்ள குழாய் ஆகியவற்றை ஒப்படைத்திருக்கிறேன். குழாயை வேறு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பாதீர்கள்.

ஆய்வாளர் கேட்டதற்குச் சொல்வது: கெட்டிச் சளியை எங்கள் இயந்திரம் எடுக்காது என்பது உண்மையில்லை. கரைத்தால் எடுக்கும், அரை மணி நேரம் கூடுதலாகும். என் ஷிஃப்ட் நான்கு மணிக்கு முடியும், ஆனால் நான் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அதைத் திருப்பவில்லை. எத்தனையோ நாள் ஏழு மணி வரை இருந்திருக்கிறேன். அந்த நர்ஸ் அனுப்பியது என்பதால் திருப்பினேன்.

மேலும் கேட்டதற்குச் சொல்வது: எட்டாம் நாளில், குழாய் போட்ட நோயாளிக்கு எந்த மாதிரி சரியானது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆரம்ப நாட்களில் மூக்கு, நோய் கீழே இறங்கிய பிறகு நுரையீரல் சளி. புதிதாகச் சேருகிற நர்ஸுகளுக்கு வருடா வருடம் அந்த வகுப்பை நடத்துவது நான்தான். இன்று காலை இங்கே கிளம்புவதற்கு முன் போன வருடத்து வருகைத் தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது கையெழுத்து அவருடையது. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் செய்திருக்கிறார்.

இதை எழுத்தர் படித்துக் காட்டினார். அது போதாது என்று நானும் வாங்கி வரி வரியாகப் படித்தேன். இரண்டு இடத்தில் தேதியைத் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொன்னதல்ல. இதில் உள்ளது அத்தனையும் நான் சொன்னது, நடந்தது.

(ஒப்பம்)
முதுநிலை ஆய்வக நுட்பர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
ஆய்வாளர்