தொண்ணூற்று மூன்று

எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். அதனால்தான் மருத்துவம் படிக்காமல் பிசியோதெரபி படித்தேன். இருபத்தாறு வருடமாக இதே வேலை. அதில் பதினெட்டு வருடம் இந்தப் பெண்கள் கால்பந்து அணியில். என் கைபட்டு ஒருத்திக்கும் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. இதை உங்கள் காகிதத்தில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று காலையில் சொன்னீர்கள். எனக்கு வேண்டாம். எதையும் மறைக்க நான் வரவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். இடையில் அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும்.

எல்வீரா ஹோல்ம் எங்கள் கால்பந்துக் கழகத்துக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. வடக்கே, இரும்புச் சுரங்கம் இருக்கிற ஊர். அப்பா சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவர். வலது ஓரத்தில் ஆடுவாள். பந்து காலுக்கு வந்ததும் மற்றவர்கள் ஓடுவார்கள், இவள் நிற்பாள். எதிரே நிற்பவள் பொறுமை இழந்து காலை மாற்றி வைக்கிற வரைக்கும் நிற்பாள். மாற்றி வைத்தால் அடுத்த நொடி அங்கே இருக்க மாட்டாள். எங்கள் பயிற்சியாளர் பெர்னில்லா எதற்கும் லேசில் சிரிக்காதவள். முதல் நாள் பயிற்சியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"ரெண்டு வருஷம்தான் குன்னல். அதுக்குள்ள யாராவது பெரிய ஆளுங்க இவளத் தூக்கிட்டுப் போயிருவாங்க."

அந்த வருடம் செப்டம்பரில் அவள் இடது முழங்கால் போயிற்று. சொந்த மைதானம், செயற்கைப் புல், யாரும் அவளைத் தொடவில்லை. ஓடுகிற வேகத்தில் திரும்பினாள். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. நான் பெஞ்சிலிருந்து எழுந்து ஓடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் போய் மண்டியிட்டதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தம் கேட்டுச்சு குன்னல். உள்ள என்னமோ சத்தம் கேட்டுச்சு."

முட்டிக்குள் எலும்புகளைப் பிணைத்திருக்கிற லிகமென்ட் அறுகிற சத்தம் அது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பெண்கள் ஆட்டத்தில் வருடத்துக்கு ஒருத்தியாவது எங்கள் அணியில் அப்படி விழுவாள். அறுவை சிகிச்சை முடிந்து பதினோராவது நாள் என் அறைக்கு வந்தாள்.

என் அறை பார்வையாளர் மாடத்துக்கு அடியில் இருக்கிறது. ஜன்னல் தரை மட்டத்தில். வெளியே போகிறவர்களின் கால்கள்தான் தெரியும். குளிர்காலத்தில் பனி மூடிக்கொண்டால் அதுவும் தெரியாது. தினமும் எட்டு மணிக்கு வருவாள். சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, அதை அழுத்தச் சொல்வேன். நாட்டின் மிக வேகமான கால், ஒரு துண்டை அழுத்த முடியாமல் நடுங்கும். முதல் வாரம் அழுதாள். இரண்டாம் வாரம் பேச ஆரம்பித்தாள். அக்காவோடு எதற்குச் சண்டை, அம்மா எப்போது வீட்டை விட்டுப் போனாள், பெனால்டி அடிக்கப் போகும்போது ஏன் வானத்தைப் பார்க்கிறாள் எல்லாம். யாராவது உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். அவர்கள் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

நான் தனியாக வசிக்கிறேன் என்று உங்கள் கோப்பில் இருக்கும். அதை இதோடு முடிச்சுப் போட வேண்டாம்.

இப்போது அந்த இயந்திரத்தைப் பற்றி. ஒரு நாற்காலி, ஒரு பட்டை. காலைக் கட்டிவிட்டு, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு உதைக்கச் சொல்வோம். நல்ல காலின் பலத்தில் அடிபட்ட கால் எத்தனை சதவீதம் என்று திரையில் வரும். தொண்ணூறுக்குக் கீழே இருந்தால் ஆடக் கூடாது. எண்ணைப் பார்த்து எழுதுகிறவள் நான். மாதம் இரண்டு முறை வருகிற டாக்டர் நான் எழுதியதன் கீழே கையெழுத்துப் போடுவார். திரை என் பக்கம் திரும்பியிருக்கும்.

ஏழாவது மாதம். உலகக் கோப்பைக்கு ஆள் எடுக்கிற நேரம்.

"எண்பத்தொண்ணு," என்றேன்.

"தொண்ணூறுன்னு எழுதுங்க."

"முடியாது."

"ஒம்பது நம்பர் குன்னல். ஒம்பதே ஒம்பது. உலகக் கோப்பை நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருது."

"முட்டி மொத்தமே ஒரு தடவைதான் வருது."

தண்ணீர்ப் புட்டியைச் சுவரில் வீசி அடித்தாள். "ஆடியிருந்தா உங்களுக்குத் தெரியும். அடுத்தவ காலப் பிடிச்சே காலத்தை ஓட்டுனவங்களுக்கு என்ன தெரியும்?"

பெர்னில்லாவும் வந்து கேட்டாள். டாக்டர்கூட, "கொஞ்சம் பார்த்துப் போட முடியாதா," என்று தொலைபேசியில் இழுத்தார். நான் எண்பத்தொன்றை எண்பத்தொன்று என்றுதான் எழுதினேன். இரண்டு வாரம் எல்வீரா என்னோடு பேசவில்லை. வருவாள், உதைப்பாள், போவாள்.

தெற்கே இன்னொரு கழகத்தில் அவளைப் போலவே அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதமே ஆகியிருந்த ஒரு பெண்ணை உலகக் கோப்பைக்கு அனுப்பினார்கள். முதல் ஆட்டத்திலேயே அதே முட்டி மறுபடி அறுந்தது. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மறுநாள் காலையில் எல்வீரா ஏலக்காய் பன்கள் நிறைந்த ஒரு பையோடு என் வாசலில் நின்றாள்.

"நான் சொன்னதெல்லாம் மறந்துருங்க. இனிமே நீங்க ஓடுன்னா ஓடுவேன், உக்காருன்னா உக்காருவேன். என்ன ஏதுன்னு கேக்க மாட்டேன்."

அப்புறம் கேட்கவே இல்லை. யாருமே கேட்கவில்லை. பத்திரிகையில் என் படம் போட்டு, வளைந்துகொடுக்காத பிசியோ என்று எழுதினார்கள். என் எண்ணுக்கு அன்றைக்குத்தான் மதிப்பு வந்தது.

பதினோரு மாதத்தில் களத்துக்குத் திரும்பினாள். அடுத்த ஆட்டப் பருவத்தில் பதினான்கு கோல். என் அறைக்கு வருவது நின்றது. கதவோரமாகப் போகும்போது கையை ஆட்டிவிட்டுப் போவாள், சில நாள் அதுவும் இருக்காது. காலியான சிகிச்சைக் கட்டில்தான் பிசியோவுக்குப் பெருமை. என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் மாதக் கடைசியில், ஜனவரி முதல் ஜெர்மனியில் ஒரு பெரிய கழகம் அவளை எடுத்துக்கொள்கிறது என்று பெர்னில்லா உடை மாற்றும் அறையில் அறிவித்தாள். பெண்கள் மேஜையைத் தட்டினார்கள். அணித் தலைவி தில்டே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவள் இல்லை.

"ஜெர்மன்ல 'வலிக்குது'ன்னு சொல்லக் கத்துக்கிட்டியாடி? அங்க போய் குன்னல், குன்னல்னு கத்துனா எவ வருவா?"

"அங்க ஏழு பிசியோ இருக்காங்களாம்," என்றாள் எல்வீரா. "ஒருத்தி வரலைன்னா இன்னொருத்தி வருவா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏழு பேர். யோசித்துப் பாருங்கள். முட்டியை ஒருத்தி பார்ப்பாள், தொடையை ஒருத்தி. அவள் தூங்கவில்லை என்றால் இடது தோளைத் தூக்கிக்கொண்டு நடப்பாள் என்பது அவர்களில் யாருக்குத் தெரியும்? அவள் கால் தயாராக இருந்தது. அவள் தயாராக இல்லை. அந்த வித்தியாசத்தைப் பார்க்கக் கூடியவள் அங்கே நான் ஒருத்திதான்.

அக்டோபரில் அதே காலின் பின்தொடையில் லேசான பிடிப்பு. மூன்று வாரம் என் கட்டிலுக்கு வந்தாள். பழையபடி பேசினாள். மூன்றாம் வாரம் வியாழக்கிழமை நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டினேன். உதைத்தாள். எழுபத்து நான்கு. பட்டையைச் சரிசெய்துவிட்டு மறுபடி உதைக்கச் சொன்னேன். எழுபத்து நான்கு.

பின்தொடைக்குத் தாங்குகிற பலம் இல்லாவிட்டால் முட்டியைக் காப்பாற்ற ஆள் இல்லை. அதை உள்ளபடி எழுதினால் நான்கு வாரம் ஓய்வு. அதற்குள் எங்கள் பருவம் முடிந்துவிடும். ஜனவரியில் முழு பலத்தோடு விமானம் ஏறுவாள். நான் கோபத்தில் இருக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றி, நிதானமாக யோசித்து எழுதினேன்.

"எவ்வளவு?" என்றாள்.

"தொண்ணூத்தி மூணு."

கட்டை அவிழ்க்கும் முன்பே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் முப்பத்தோராவது நிமிடம் விழுந்தாள். பந்து அவளிடம் இல்லை. எதிராளி ஐந்து மீட்டர் தள்ளி இருந்தாள். ஆம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன். அவள் கத்தவில்லை, என் விரல்களைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தாள். "பரவால்ல. நீங்க இருக்கீங்கல்ல," என்றாள். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இரண்டாவது முறை பதின்மூன்று மாதம் ஆயிற்று. பதினோரு மாதத்தில் முடிந்திருக்க வேண்டும். அவள் தொண்ணூற்றைந்து உதைத்த அன்று நான் எண்பத்து நான்கு என்று எழுதினேன். அந்தத் தாளும் உங்களிடம் இருக்கிறது. நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு மாதமும் அவள் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள், என் ஊசியும் நூலும் எடுத்துப் பின்னல் வேலைகூடக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு அது கெட்ட காலம் என்று வெளியில் இருப்பவர்கள் சொல்லலாம்.

ஜெர்மன்காரர்கள் காத்திருந்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. இந்த ஜனவரியில் உடல் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். முட்டியைப் படம் எடுத்துப் பார்த்த அவர்களுடைய டாக்டர், இரண்டாவது முறை அறுந்தபோது முட்டிக்குள் குருத்தெலும்பும் நசுங்கிவிட்டது, இனி முழுநேர ஆட்டத்துக்கு இந்தக் கால் தாங்காது என்று சொல்லிவிட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். ஏன் இப்படி ஆயிற்று என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். பழைய அளவுகளைக் கேட்டு எழுதினார். கழக அலுவலகத்தில் என்னிடம் கேட்காமல், இயந்திரத்தின் நினைவிலிருந்து நேராக எடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் எழுதுவது மட்டும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இயந்திரம் ஒவ்வொரு உதையையும் வைத்திருந்திருக்கிறது.

புதன்கிழமை நடுப்பகலில், விமானத்திலிருந்து இறங்கிப் பெட்டியோடு நேராக வந்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன்.

"எழுபத்தி நாலு," என்றாள்.

"உக்காரு எல்வீரா. கால நீட்டு."

"என் கால்ல கை வைக்காதே."

மடித்த துண்டைக் கீழே வைத்தேன். அவள் கதவில் சாய்ந்து நின்றாள். இடது தோள் தூக்கியிருந்தது.

"கை தவறி எழுதிட்டேன்னு சொல்லு. வேற யாரோட தாளோ மாறிப்போச்சுன்னு சொல்லு. நான் நம்பிட்டுப் போயிடுறேன். சத்தியமா நம்புறேன் குன்னல்."

சொல்லியிருக்கலாம். அவள் நம்பியும் இருப்பாள். ஆனால் அவளிடம் போய் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"கை தவறல," என்றேன்.

அவள் என் கைகளைப் பார்த்தாள்.

"அன்னைக்கு ஐஸ் ரெண்டு பை கொண்டு வந்திருந்தே. எப்பவும் ஒண்ணுதான் இருக்கும். ஆம்புலன்ஸ்ல படுத்துக்கிட்டு நான் அதைத்தான் நினைச்சேன். எவ்வளவு முன்யோசனையான பொம்பளன்னு நினைச்சேன்." கதவிலிருந்து நிமிர்ந்தாள். "நான் விழப்போறேன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே ஓட விட்டே. எதுக்கு?"

"அங்க உன்னை யாரும் பார்த்துக்க மாட்டாங்க."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கிட்டே போனால் சாய்ந்துகொள்வாள் என்றும் நினைத்தேன். ஓர் அடி வைத்ததுமே பெட்டியைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். தாங்கித் தாங்கிப் படியேறுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெட்டியைக் கழக அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்களுக்கு அவள் எழுதிய புகார் மறுநாள் தேதியிட்டது.

உங்கள் மேஜையில் இன்னும் நான்கு கோப்புகள் இருப்பதைப் பார்க்கிறேன். மேலே இருப்பது தில்டேயின் கணுக்கால். ஆமாம், அதுவும். மற்ற மூன்றும். அந்தப் பெண்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கிறிஸ்துமஸுக்கு எனக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறவர்கள் அவர்கள், வீணாக வருத்தப்படுவார்கள். யார் யாருக்கு எந்தத் தேதியில் எந்த எண்ணை மாற்றினேன் என்று நானே ஒரு தாளில் எழுதித் தருகிறேன். ஐந்து பேர், ஏழு எண்கள். எல்லாம் தெரிந்துதான் எழுதினேன். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். எல்வீராவுக்கு வரும் செவ்வாய்க்கிழமை மூன்றாவது அறுவை சிகிச்சை என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு ஆறு மாதமாவது ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியிருக்கும். இனி கழகத்தில் என்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும். அதனால் வீட்டில் சாப்பாட்டு மேஜையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கட்டில் போட்டிருக்கிறேன். அவளாகக் கேட்கக் கூச்சப்படுவாள். முகவரியை நீங்களே கொடுத்துவிடுங்கள்.