கருவாட்டுக் குழம்பும் குழுக் கூட்டமும்

மகளிர் குழுக்கள் ஊருக்கு ஊர் முளைத்த வருஷங்கள் அவை. தா.பழூர் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"நேத்து எங்க வூட்ல சோறு பத்தாமப் போச்சுக்கா."

"அதுக்கா சிரிக்கிற?"

"குழுக் கூட்டம் எப்பவும் ஊர்த்தெருவுலதானே நடக்கும்? மொத தடவையா நம்ம காலனியில, எங்க வூட்ல வச்சோம். ஊர்த்தெருக்காரங்க எங்க சாப்பிடப் போறாங்கன்னு கொஞ்சமாத்தான் ஒலை வச்சேன். எல்லாரும் ஒக்காந்துட்டாங்க!"

"நெசமாவா? நம்ம வூட்ல தண்ணிகூட குடிக்க மாட்டாங்களே."

"கேளுங்க. நாம நடவுக்குப் போற வூட்டுப் பெரியம்மா, குழுவுல இருக்குற மருமவளைத் திட்டிக்கிட்டே கூப்பிட வந்துச்சு."

"அப்புறம்?"

"கருவாட்டுக் கொழம்பு வாசனை. பெரியம்மா வாசல்லயே நின்னுச்சு. 'நீங்களும் சாப்பிடுங்கம்மா'ன்னேன். ஒக்காந்து, ரெண்டாந்தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டுச்சு. போவும்போது, 'என் மவன்கிட்ட சொல்லிடாதடி'ன்னுச்சு."

"நீ யார்கிட்டயும் சொல்லலையே?"

"நான் ஏன் சொல்றேன்? காலைல பால் ஊத்துற எடத்துல நின்னு, அந்தக் கொழம்பு ருசியை ஊருக்கே அதுதான் சொல்லிட்டிருக்கு!"