தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம்

அன்றைக்குத் தாராபுரம் பஸ்ஸில் ஆறே பேர்: டிரைவர், கண்டக்டர், முன் சீட்டில் இரண்டு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் தேங்காய்ப் பையைக் கட்டிப்பிடித்தபடி ஒருவர், கடைசியில் நான். டிக்கெட் இருக்கிறதா என்று மூன்றாவது தடவை நான் சட்டைப்பையைத் தொட்டபோது, ஜன்னலோரத்துப் பெண் சொன்னாள்.

"எங்கூட்டுக்காரரு பயந்தாங்கொள்ளியா இருக்கறது நேத்துத்தான் எனக்குப் புடிச்சுதுங்க்கா."

"ஏன் அம்மணி?"

"தரைப்பாலத்து மேல வெள்ளம் போச்சுங்க. கூடப் போனவங்க மொபெட்டோட எறங்கீட்டாங்க. வண்டி போயிருச்சு, ஆளுகளக் கவுறு போட்டு இழுத்தாங்களாமா. இவரு எறங்கவே இல்ல. நானு இவரும் போயிட்டாருன்னு விடிய விடிய அழுதேன். நேத்துக் காத்தால தண்ணி வடிஞ்சு, நடந்து வந்து நிக்கறாரு."

"பக்கத்தூட்டுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமுல்ல?"

"அவங்க சாப்புடற நேரமாச்சே, எப்படிக் கூப்புடறதுன்னு கூச்சமாமா."

பின்னாலிருந்தவர் மெல்லச் சொன்னார். "தண்ணியக் கண்டு கூட அவ்வளவு பயமில்லீங்க."

பெண்கள் இருவரும் சிரித்து ஓய வெகுநேரமானது. எனக்கும் நெஞ்சு லேசானது.

"இப்ப எங்க போறீங்க அம்மணி?"

"பாலத்தோரத்து டீக்கடைக்குத்தானுங்க. அன்னிக்கு ராத்திரி கடைக்காரருதான் உக்கார வெச்சு டீயும் பன்னும் குடுத்தாரு. தேங்கா அவருக்குத்தான். தனியாப் போயிக் குடுக்க இவருக்குக் கூச்சம், அதான் நானும் வாரேன். டீ, பன்னுக்குக் குடுக்க வேண்டிய பாக்கியும் பதினொண்ணரை ரூவா இருக்குதுங்க."