ரெண்டு சகலையும் படகில் ஒரு ஓட்டையும்

சின்னவர்: …வால்வுக் குழாயை இன்னும் கொஞ்சம் மேல தள்ளுங்க சகலை. உள்ள நட்டு பிடிக்கல.

பெரியவர்: படகுக்கு அடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு இதுக்கு மேல எங்க தள்றது? கழுத்து போயிரும்.

சின்னவர்: போனா நான் பாத்துக்கறேன். தள்ளுங்க… ம், பிடிச்சிருச்சு.

பெரியவர்: பசை இன்னும் போடலதானே?

சின்னவர்: இல்ல. சும்மா வெச்சுப் பாக்கறேன். ஓட்டையைச் சுத்தி நேத்து நீங்க ஒட்டின தட்டு கல்லாட்டம் இருக்கு.

பெரியவர்: இருக்காதா? மூணு சுத்து ஃபைபர் துணி. யானை ஏறி மிதிச்சாலும் வால்வு அசையாது.

சின்னவர்: டீ கப்பு கழுவின தண்ணி வெளிய போக ஒரு ஓட்டை. அதுக்கு யானை எதுக்கு?

பெரியவர்: சூடு கண்ட பூனைப்பா நாம. ஒரு தடவை முழுகினது போதும்.

சின்னவர்: அது சரி… வீட்ல என்ன சொல்லிட்டு வந்தீங்க?

பெரியவர்: பல் டாக்டர்.

சின்னவர்: ஞாயித்துக்கிழமையா?

பெரியவர்: அவ கேக்கல. நீ?

சின்னவர்: கார் சர்வீஸுக்கு விட்டிருக்கேன்னு.

பெரியவர்: பஸ்லல்ல வந்தே?

சின்னவர்: கார் சர்வீஸ்ல இருந்தா பஸ்லதானே வரணும்.

பெரியவர்: நல்லா பொய் சொல்லப் பழகிட்டே… சின்னவ எப்படி இருக்கா?

சின்னவர்: எட்டாம் மாசம். கால் வீங்குது. போனை எடுத்து அக்கா பேரைப் பாக்கறா, கீழ வெச்சுடறா. அவ முதல்ல பேசட்டுமாம்.

பெரியவர்: இங்கயும் அதே பாட்டுதான். அலமாரியில புடவைக்கு அடியில ஒரு பை வெச்சிருக்கா. உள்ள அஞ்சாறு சட்டை. உள்ளங்கை அகலம்கூட இல்ல. யாருக்குன்னு கேட்டா, பக்கத்து வீட்டுக்காம்.

சின்னவர்: பக்கத்து வீட்ல யாரு?

பெரியவர்: எழுபது வயசுக்காரரும் அவரோட நாயும்.

சின்னவர்: …சிரிக்க வெக்காதீங்க, ஸ்பேனர் வழுக்குது. கூடப் பொறந்தவங்க சகலை. ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை இல்ல.

பெரியவர்: ம்.

சின்னவர்: நீ வால்வை மூடாம இறங்கினதாலதான் படகு முழுகுச்சுன்னு அக்கா. நான் மூடினேன், நீதான் மறுபடி திறந்திருப்பேன்னு தங்கச்சி. எங்க ஆரம்பிச்சாங்களோ, கடைசியில சின்ன வயசுல ரிப்பனைக் கிழிச்சது வரைக்கும் போயிட்டாங்க.

பெரியவர்: படகு மறுபடி மிதந்தா கோவம் போயிரும். அதுக்குத்தானே இந்தப் பாடு.

சின்னவர்: சகலை… ஒண்ணு சொல்லணும். உங்க முகம் தெரியாம இருக்கறப்பவே சொல்லிடறேன்.

பெரியவர்: சொல்லு.

சின்னவர்: போன தடவை போட்ட வால்வு… படகுக் கடையில வாங்கினது இல்ல. வீட்டுக் குழாய்க்குப் போடற பித்தளை. படகுக்குப் போடற வெண்கலம் வர பத்து நாள் ஆகும்னான் கடைக்காரன். எல்லாரும் கிளம்பி நிக்கறோம், இப்பப் போய் எப்படிச் சொல்றதுன்னு…

பெரியவர்: தெரியும்.

சின்னவர்: தெரியுமா?

பெரியவர்: கையில வாங்கினதுமே தெரிஞ்சுபோச்சு. நான் மட்டும் ஒழுங்கா? அன்னிக்குத் தட்டு வெச்சுட்டேன்னு சொன்னேனில்ல, வெக்கவே இல்ல. ஒட்டினா காய ஒரு நாள் ஆகும். யாரு காத்திருக்கறது? வெறும் நட்டை முறுக்கிட்டு வந்துட்டேன்.

சின்னவர்: நேத்து பழசைப் பிரிக்கறப்பவே பாத்தேன். தட்டு இருந்த தடமே இல்ல.

பெரியவர்: அப்ப ஏன் கேக்கல?

சின்னவர்: எந்த வாயை வெச்சுக்கிட்டுக் கேக்கறது?

பெரியவர்: …பசைக் குழலை எடு. முதல்ல தின்னர் போட்டுத் துடை.

சின்னவர்: துடைச்சாச்சு. சகலை, அந்தப் பழைய வால்வை நல்லாத் திருப்பிப் பாத்தேன். உப்புத் தண்ணியில பித்தளை செவந்து போய், நகத்தால கீறினா உதிருது. உடைஞ்ச இடம் எது தெரியுமா? கைப்பிடிக்குக் கீழ.

பெரியவர்: அதுக்கென்ன?

சின்னவர்: கைப்பிடிக்குக் கீழ உடைஞ்சா, அது திறந்திருந்தா என்ன, மூடியிருந்தா என்ன? தண்ணி வந்தே தீரும். ரெண்டு பேர் மேலயும் தப்பே இல்ல.

பெரியவர்: பசை சுத்தி வழியுது. ரொம்ப முறுக்காதே, எல்லாம் வெளிய வந்துட்டா உள்ள ஒண்ணும் தங்காது.

சின்னவர்: இன்னிக்கே ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடுவோம்.

பெரியவர்: இப்ப எதுக்கு? படகு இறங்கட்டும். தானா ஆறும்.

சின்னவர்: ரெண்டு வருஷமா ஆறலையே. போன வாரம் ஆஸ்பத்திரியில ஒரு ஃபாரம் குடுத்தாங்க. பிரசவத்தப்ப கூட இருக்கப்போறவங்க பேர் எழுதணும். அக்கா பேரை எழுதிட்டு, அடிச்சுட்டா.

பெரியவர்: அடிச்சுட்டாளா…

சின்னவர்: அடிச்சதுக்கு அடியில பேர் நல்லாத் தெரியுது. அப்படித்தான் அடிச்சிருக்கா.

பெரியவர்: துணி இருந்தா கீழ தள்ளு, கையெல்லாம் பசை.

சின்னவர்: வால்வு நான், தட்டு நீங்க. திட்டைப் பாதிப் பாதியா வாங்கிப்போம். என்ன, ஒரு வாரம் சோறு கிடைக்காது.

பெரியவர்: பாதியோட போகாதுப்பா.

சின்னவர்: வேற என்ன இருக்கு?… ஆமா, ஒண்ணு இருக்கு. அந்தக் கைப்பிடி. அன்னிக்கு நீங்கதானே முதல்ல உள்ள இறங்கினீங்க. இடுப்பளவு தண்ணி. அடியில கையை விட்டு வால்வை இழுத்துத் தூக்கிக் காட்டினீங்க. நீங்க இழுத்ததுல உடைஞ்சுதுன்னு நெனச்சோம். கைப்பிடி திறந்திருந்ததை எல்லாருமே பாத்தோம்.

பெரியவர்: பாத்தீங்க.

சின்னவர்: எங்க வீட்ல மூடினேன்னு சத்தியம் பண்றா. உங்க வீட்ல தொடவே இல்லங்கறாங்க. யாரோ ஒருத்தர் பொய் சொல்லியாகணும். இன்னிக்கு அதைத்தான் முதல்ல கேப்பாங்க. என்ன சொல்றது?

பெரியவர்: ரெண்டு பேரும் பொய் சொல்லலைன்னு சொல்லு.

சின்னவர்: அதெப்படி?

பெரியவர்: நட்டு முறுக்கி முடிச்சாச்சா?

சின்னவர்: முடிச்சாச்சு. சொல்லுங்க.

பெரியவர்: நான் கையை விட்டப்ப அது மூடித்தான் இருந்துச்சுப்பா. மூடியிருந்தும் தண்ணி வந்துச்சுன்னா ஏன்னு தோண்டுவீங்க, தட்டு வெக்காதது வெளிய தெரிஞ்சுடுமேன்னு… தண்ணிக்குள்ளயே திறந்துட்டுத்தான் மேல தூக்கினேன்.