ஹீட்டர் அறையில் காய்ந்த நெல்

நெல் காயவைக்கத் தெரியாதவன் இல்லை சார் நான். முந்தின வருஷம் புரட்டாசியில் மழை விடவே இல்லை, அவ்வளவுதான். திருவாரூர்ப் பக்கம் எங்கள் வயலில் அறுத்த குறுவையைக் கொள்முதல் நிலையத்தில் இரண்டு முறை திருப்பிவிட்டார்கள். ஈரம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். மூட்டைக்குள்ளேயே முளை கிளம்பியிருந்தது.

நாகப்பட்டினம் கடலோரத்தில் நான் வேலை பார்க்கும், எண்ணெய் மேடைகளுக்கு இரும்புக் கட்டுமானம் செய்யும் யார்டில் ஹீட்டர் போட்ட ஓர் அறை உண்டு. ஸ்டோர் கீப்பர் என்பதால் சாவி என்னிடம்தான். குளிர்க்கடல் வேலைக்கான, நிக்கல் கலந்த வெல்டிங் கம்பி அங்கே இருக்கும். உள்ளே பொடி அடைத்த கம்பி, ஈரம் ஆகாது. உறை பிரித்த ஆறு சுருள்களைத் தாழ்வாரத்தில் எடுத்து வைத்துவிட்டு, என் நெல்லை அறையில் பரப்பினேன். மூன்று நாள். நெல் நன்றாகக் காய்ந்தது. சாரலில் கம்பி துருப்பிடித்துவிட்டது.

சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரு மெமோகூட வாங்காதவன். துருப்பிடித்த சுருள்களை உப்பங்கழியில் போட்டுவிட்டு, அவற்றின் லேபிள்களைச் சாதாரணக் கம்பியில் ஒட்டினேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நம் ஊர் வெயிலில் இரண்டும் பிடித்து நிற்கும். கடுங்குளிரில்தான் சாதாரணக் கம்பி வைத்த இடம் அப்பளம் போல ஒடியும். மெஷினில் மாட்டியிருந்ததால் நல்ல கம்பி ஒரு சுருள் தப்பியிருந்தது. குளிர் தாங்குமா என்று பற்றவைத்து உடைத்துப் பார்க்கும் சோதனைத் தகட்டுக்கு அதைக் கொடுத்தேன். தேறிவிட்டது.

வெல்டர் நௌஷாத் மட்டும் கண்டுபிடித்தான்.

"இந்தக் கம்பி வேற மாதிரி ஓடுதுண்ணே. ஒருதரம் பாத்துடுங்க."

மெஷினைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டான். அதன் பிறகு கேன்டீனில் அவன் யாரோடு பேசினாலும் பக்கத்தில் போய் நின்று காது கொடுத்தேன்.

அவன் பற்றவைத்த நடைபாலம் வடக்கே, வெளிநாட்டுக் குளிர்க்கடலில் நிற்கும் ஓர் எண்ணெய் மேடைக்குப் போயிற்று. அடுத்த வருஷம் கார்த்திகையில், பராமரிப்புக்கு ஒரு வெல்டரை அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். நான்தான் அவன் பெயரைச் சொன்னேன். கெட்டிக்காரன், யாரும் மறுக்கவில்லை. ஆள் தூரமாகப் போனால் கேள்வியும் போய்விடும் என்று நினைத்தேன். தினமும் அந்தப் பாலத்தில்தான் நடக்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அங்கே தை மாதம் எப்படி இருக்கும் என்பதும் தெரியும்.

தையில் ஒடிந்தது. மூன்று பேர் கடலில் விழுந்தார்கள். இரண்டு உடல்கள் கிடைத்தன, அவனுடையது கிடைக்கவில்லை.

அவன் மனைவி ஹஃப்ஸா தினமும் என் வீட்டுக்கு வருகிறாள். "நீங்கதானேண்ணே அனுப்பி வச்சீங்க. அவர் கெடச்சாரான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்கிறாள். கோபமே இல்லை அவளுக்கு. இப்போதெல்லாம் கேட் சத்தம் கேட்டாலே கொல்லைக் கதவு வழியாக வெளியே போய்விடுகிறேன். அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே சாக அனுப்பினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். அங்கே குளிர் பொல்லாதது என்று, அவன் புறப்பட்ட அன்று நானே ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தேன்.